நீர் திரும்பியும் திரும்பாத வாத்து: வட அமெரிக்க இனப்பெருக்கக் கணக்கெடுப்பை வாசித்தல்

1. கேள்வி

ஒரு நிலப்பகுதியில் கூடு கட்டும் வாத்துகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஒரு வரைபடம் சொல்கிறது. அவை அழிந்துபோயினவா, இடம் மாறிப் போயினவா? இனப்பெருக்க எண்ணிக்கையைக் காலவாரியாக வரைபடமாக்கும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். நிலத்தையே நம்பி வாழும் பறவைகளிடம் இந்த ஐயம் அவ்வளவு கடுமையானதல்ல. ஒரு காட்டில் மரங்கொத்தி குறைந்தால் அது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடியேறியிருக்கும் என்று யாரும் எண்ணுவதில்லை. நீரை நம்பி வாழும் பறவையின் கதை வேறு. நீர் இருக்கும் இடத்துக்கு அது போகும், வற்றினால் விட்டுப் பறக்கும். ஆகவே ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எடுத்த கணக்கு ஏறுவதும் இறங்குவதும் உயிர்த்தொகையின் ஏற்ற இறக்கம்தான் என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் கேள்வியை ஆராய உலகில் கிடைக்கும் மிகச் செழுமையான சான்று, அமெரிக்காவும் கனடாவும் 1955 முதல் சேர்ந்து நடத்திவரும் நீர்ப்பறவை இனப்பெருக்க, வாழிடக் கணக்கெடுப்பு. அதில் ஊசிவால் வாத்தின் வரலாறு நம் கேள்விக்குச் சரியான உரைகல். ஒரு தரப்பார் அதைச் சரிவின் அடையாளமாகக் காட்டுகிறார்கள். கணக்கெடுப்பின் குறைபாடு பறவையின் தலையில் ஏற்றப்பட்டுவிட்டது என்பது மறுதரப்பின் வாதம். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனாலும் சான்றுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சரிவு மெய்யானது என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. எண்ணிக்கைக் கோடு கீழிறங்குவதை மட்டும் வைத்து இதை நிறுவ முடியாது. நீர் திரும்பிய ஆண்டுகளில் அந்தப் பறவை என்ன செய்தது என்பதுதான் நிறுவுகிறது.

2. கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது

1930களின் வறட்சியும் புழுதிப்புயலும் வட அமெரிக்கப் புல்வெளியைச் சூறையாடியபோது வாத்துகளும் பெருமளவில் குறைந்தன. எத்தனை குறைந்தன என்று சொல்ல அப்போது கணக்கில்லை. 1935இல் குளிர்காலக் கணக்கெடுப்பு தொடங்கியது. குளிர்காலத்தில் தெற்கே கூடும் பறவைகளை எண்ணுவது எளிது. ஆனால் அவை எங்கே பிறந்தவை, அங்கே என்ன நடந்தது என்பதை அந்த எண் சொல்லாது. எனவே கூடு கட்டும் நிலத்துக்கே போய் எண்ண வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று, 1947 முதல் வான்வழிச் சோதனைகள் நடந்தன. 1955இல் முறை நிலைபெற்றது. அன்று வகுத்த பறப்புக் கோடுகளிலேயே பெரும்பாலும் இன்றும் பறக்கிறார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் தெற்கில் தொடங்கி, பனி உருக உருக வடக்கு நோக்கி நகர்கிறது கணக்கெடுப்பு. சிறு விமானம் தரையிலிருந்து சுமார் 100 முதல் 150 அடி உயரத்தில் பறக்கும். விமானியும் ஓர் உயிரியலாளர். அவரும் பக்கத்தில் அமர்ந்த பார்வையாளரும் தத்தம் பக்கத்தில் 200 மீட்டர் அகலத்துக்குள் தென்படுவதை மட்டும் எண்ணுவார்கள். இணையாக இருப்பவை, தனித்த ஆண், ஆண்களின் சிறு குழு, பெருங்கூட்டம் எனப் பிரித்துப் பதிவு செய்கிறார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மே மாதத்தில் குட்டையில் தனியாக மிதக்கும் ஆண் வாத்து உண்மையில் தனி வாத்தல்ல. அதன் பெட்டை அருகில் எங்கோ முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது என்று கொண்டு அதை இரண்டாகக் கணக்கிடுகிறார்கள். ஸ்காப் போன்ற இனங்களில் ஆண்கள் மிகுதியாக இருப்பதால் அங்கே இந்த இரட்டிப்பு செல்லாது. அதாவது வரைபடத்தில் காணும் எண்ணிலேயே உயிரியல் அனுமானம் ஒன்று புதைந்திருக்கிறது.

விமானத்திலிருந்து எல்லா வாத்தும் தெரியாது. நாணலுக்குள் நிற்பதும், மங்கலான நிறமுள்ள பெட்டையும் தப்பிவிடும். ஆகவே புல்வெளிப் பகுதியில் ஒவ்வோர் ஆண்டும் சில துண்டுகளைத் தரையில் நடந்தும் எண்ணி, விமானக் கணக்கோடு ஒப்பிட்டு, இனத்துக்கு இனம் ஒரு திருத்தக் காரணியைப் பெறுகிறார்கள். வடக்கே ஊசியிலைக் காட்டிலும் தூந்திரத்திலும் தரைக்குழு போவது அரிது. அங்கே முன்பு நடந்த ஒப்பீடுகளிலிருந்து கிடைத்த நிலையான காரணிகளே பயன்படுகின்றன. பறப்புக் கோடுகளும் புல்வெளியில் நெருங்கியும் வடக்கில் மிகத் தள்ளியும் இருக்கின்றன. வரைபடத்தில் எல்லா மண்டலமும் ஒரே அழுத்தத்தில் வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். அவற்றின் பின்னுள்ள சான்றின் அடர்த்தியோ ஒன்றுபோல் இல்லை. என் பார்வையில் இந்த வரைபடங்களின் முதல் குறை இதுவே.

இவ்வளவு திருத்தமும் அனுமானமும் கலந்த எண்ணை நம்பலாமா என்ற ஆட்சேபம் இயல்பாகவே எழும். அதற்குரிய விடை, நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த ஆண்டு சரியாக எத்தனை வாத்து என்று கேட்டால் ஆட்சேபம் நியாயமானது. எழுபது ஆண்டில் போக்கு எப்படி என்று கேட்டால், பிழை இருக்கிறதா என்பதைவிடப் பிழை காலத்தோடு மாறுகிறதா என்பதே முக்கியம். எடை குறைத்துக் காட்டும் தராசும், எப்போதும் அதே அளவு குறைத்துக் காட்டினால், ஒரு மூட்டை இளைத்ததா பெருத்ததா என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். கவலைக்குரியது நகரும் பிழை. ஊசிவால் வாத்தின் விஷயத்தில் அப்படி ஒரு பிழை உண்டு என்பது மெய்.

3. தாண்டிப் பறக்கும் பறவை

ஆல்பர்ட்டா, சாஸ்கச்சுவான், மானிடோபா மாகாணங்களிலிருந்து டகோட்டாக்கள் வழியாக அயோவா வரை பரந்துகிடக்கும் புல்வெளியில், பனியூழியின் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளங்கள் லட்சக்கணக்கில் உள்ளன. பனி உருகிய நீரும் மழையும் தேங்கிக் குட்டைகளாகின்றன. சில ஒரு மாதம் நிற்கும், சில ஆண்டு முழுதும் வற்றாது. கண்டத்தின் வாத்துகளில் பாதிக்கு மேல் இந்தப் பகுதியில் பிறக்கின்றன என்பது பொதுவான மதிப்பீடு. வாத்துகளோடு குட்டைகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்ற முடிவுதான் இந்தக் கணக்கெடுப்பின் ஆகச் சிறந்த முடிவு. கனடாப் புல்வெளியில் 1961 முதலும் அமெரிக்கப் பகுதியில் 1974 முதலும் மே மாதக் குட்டைக் கணக்கு கிடைக்கிறது. பறவையை எண்ணும் அதே கண் அதன் வாழிடத்தையும் எண்ணியிருப்பதால்தான் இன்று நம்மால் இந்தக் கேள்வியை எழுப்ப முடிகிறது.

டக்ளஸ் ஜான்சனும் ஜேம்ஸ் கிரையரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு, வாத்தினங்கள் எங்கே குடியமர்கின்றன என்பதில் ஒன்றுக்கொன்று வேறுபடுவதைக் காட்டியது. சில பிறந்த இடத்துக்கே திரும்பும். சில, போகும் வழியில் எங்கே நீர் கண்டாலும் இறங்கிவிடும். ஊசிவால் இரண்டாம் வகையின் முனையில் நிற்பது. தெற்குப் புல்வெளி வறண்டால் அதைத் தாண்டி வடகாட்டுக்கும் அலாஸ்காவுக்கும் போய்விடும். வடக்கில் கோடுகள் அரிதாகவும் திருத்தக் காரணிகள் பழையனவாகவும் இருப்பதால், அங்கே போன பறவை குறைவாகவே எண்ணப்படுகிறது. ஆக, வறட்சி ஆண்டில் இந்த இனத்தின் எண்ணிக்கை இருமடங்காக அடிவாங்குகிறது: குஞ்சு பொரிப்பது மெய்யாகவே குறையும், இருக்கும் பறவையும் கணக்கிலிருந்து நழுவும். 2005இல் ரன்ஜ், பூமர் என்ற ஆய்வாளர்கள் இதற்கொரு வழி கண்டார்கள். எண்ணப்பட்ட ஊசிவால்களின் சராசரி அட்சரேகை ஆண்டுக்காண்டு எவ்வளவு வடக்கே நகர்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ப மொத்தத்தைத் திருத்தினார்கள். வரைபடத்தில் பறவை அமர்ந்த இடமே வரைபடத்தின் பிழையை அளக்கும் கோலானது. இந்தக் கணக்கெடுப்பைப் பற்றிய எழுத்துகளில் என்னை மிகவும் கவர்ந்த எண்ணம் இது.

திருத்தத்துக்குப் பிறகு வறட்சி ஆண்டுகளின் பள்ளங்கள் ஓரளவு மேடாகின்றன. இதைக் கொண்டு, சரிவு என்பதே கணக்கின் மாயை என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. இழப்பின் அளவு நாம் எண்ணியதைவிடச் சிறியது. ஆனால் தாண்டிப் பறத்தல் வறட்சி ஆண்டுகளை மட்டுமே விளக்கும். நீர் நிறைந்த ஆண்டில் பறவை தெற்கிலேயே இறங்கியிருக்க வேண்டும், எண்ணவும் பட்டிருக்க வேண்டும். வழக்கைத் தீர்ப்பவை அந்த ஆண்டுகள்தான்.

4. ஈர ஆண்டை ஈர ஆண்டோடு வைத்துப் பார்த்தல்

1956இல் ஊசிவால்களின் மதிப்பீடு 1 கோடியைத் தாண்டியது. 2022இல் அது 17.8 லட்சம். இவ்விரு எண்களையும் பக்கத்தில் வைத்து, ஆறில் ஐந்து பங்கு அழிந்தது என்று எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். இது நேர்மையான ஒப்பீடல்ல. 1950களின் நடுப்பகுதி புல்வெளியில் வழக்கத்துக்கு மீறி நீர் நிறைந்த காலம். கணக்கு தொடங்கிய புள்ளியே ஒரு சிகரமாக அமைந்துவிட்டது. சிகரத்திலிருந்து அளந்தால் எந்த நிலமும் பள்ளம்தான். தொடக்க ஆண்டைத் தரநிலையாகக் கொள்ளும் எல்லா வரைபடங்களுக்கும் உள்ள நோய் இது. காலம் முழுவதற்குமான சராசரியைத் தரநிலையாகக் கொள்வது இதற்கு மருந்தாகச் சொல்லப்படுகிறது. அதிலும் ஒரு குறை உண்டு. சரிந்துகொண்டே வரும் இனத்தின் சராசரியும் ஒவ்வோர் ஆண்டும் சிறிது கீழிறங்கும்; நேற்றைய இழப்பு இன்றைய இயல்பாகிவிடும். ஊசிவாலுக்கு 1970களின் சராசரியை ஒட்டி முதலில் வைக்கப்பட்ட இலக்கு 56 லட்சம். 2014இல் நீண்டகாலச் சராசரியை ஒட்டி அது 40 லட்சமாகத் திருத்தப்பட்டது. நிர்வாகக் காரணங்கள் எவையாயினும், இலக்கு பறவையைத் தேடிக் கீழே வந்தது என்பதை மறக்கக் கூடாது.

தொடக்க ஆண்டும் வேண்டாம், சராசரியும் வேண்டாம், ஒத்த நீர்நிலை கொண்ட ஆண்டுகளை ஒப்பிடுவோம் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வழி. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் வறட்சி வந்து ஊசிவால்கள் விழுந்தன. 1970களில் நீர் திரும்பியது. 1972இல் அவை சுமார் 70 லட்சமாக எழுந்தன. அதுவரை குட்டைகளின் கோடும் ஊசிவாலின் கோடும் கைகோத்து ஏறி இறங்கின. 1980களில் மீண்டும் கடும் வறட்சி, மீண்டும் வீழ்ச்சி. 1990களின் நடுவில் மழை கொட்டியது. 1997இல் குட்டைகள் 74 லட்சத்தைத் தாண்டின; ஊசிவால்களோ சுமார் 36 லட்சம்தான். 2011இல் குட்டைகள் 81 லட்சத்தை எட்டின. ஊசிவால்கள் ஏறத்தாழ 44 லட்சம். அதற்குப் பிறகு அந்த அளவு திரும்பவில்லை. கொரோனா பரவலால் 2020, 2021 ஆண்டுகளில் விமானங்கள் பறக்கவில்லை. 2021இல் புல்வெளியைக் கடும் வறட்சி தாக்கியது. எதைக் கட்டாயம் பார்த்திருக்க வேண்டுமோ அந்த ஆண்டில் தொடர் அறுந்தது. 2022இல் மீண்டும் எண்ணியபோது குட்டைகள் 54.5 லட்சம், நீண்டகாலச் சராசரிக்குச் சற்று மேலேயே. ஊசிவால்கள்தான் வரலாற்றின் அடிமட்டத்தில் கிடந்தன. முந்தைய ஆண்டின் வறட்சியால் குஞ்சுகள் இல்லாததும் இதற்கு ஒரு காரணம் என்பதால் 2022ஐத் தனியாக நான் சான்றாகக் கொள்ளவில்லை. 1997உம் 2011உம் போதும். பெருமழை பெய்து, தாண்டிப் பறக்க வேண்டிய தேவையே இல்லாத அந்த ஆண்டுகளிலும் பறவை பழைய அளவுக்கு வரவில்லை. நீருக்கும் இந்த வாத்துக்கும் இருந்த பிணைப்பில் எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிற்று.

அதே நீரில் மற்ற இனங்கள் என்ன செய்தன என்று பார்த்தால் வாதம் இன்னும் இறுகுகிறது. 1985இல் சுமார் 50 லட்சமாகக் குறைந்த மல்லார்டு 2015இல் 1 கோடியே 16 லட்சமாக உயர்ந்தது. கருவால் வாத்தும் தட்டைவாயனும் 2010களில் தங்கள் நீண்டகாலச் சராசரியை வெகுவாகத் தாண்டின. அதே விமானம், அதே கோடுகள், அதே கண்கள். கணக்கெடுப்பு முறையில் ஏற்பட்ட ஏதோ ஒரு மாற்றம்தான் ஊசிவாலைக் குறைத்துக் காட்டியது என்றால், பக்கத்துக் குட்டையில் மிதந்த கருவால் வாத்தை அது எப்படி விட்டுவைத்தது?

5. அரிதாள்

விட்டுப்போன கண்ணி நீரில் இல்லை, கரையில் இருக்கிறது. ஊசிவால் தன் கூட்டை நீரோரத்து அடர்புல்லில் வைப்பதில்லை. குட்டையிலிருந்து வெகுதூரத்தில், சில வேளைகளில் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், குட்டையான அருகிய செடிமறைவில் முட்டையிடும். அறுவடை முடிந்து நிற்கும் கோதுமை அரிதாள் அதன் கண்ணுக்கு அந்தப் பழைய குறும்புல் நிலம் போலவே படுகிறது. வாத்துகளில் மிக முந்திக் கூடு கட்டுவதும் அதுவே. ஏப்ரல் இறுதியில் அரிதாளில் முட்டை இருக்கும், மே மாதத்தில் விதைப்புக் கருவி அதே வயலுக்குள் இறங்கும். ஒரு கூடு அழிந்தால் மல்லார்டு விடாமல் மறுபடி மறுபடி கட்டும்; ஊசிவாலுக்கு அந்த இயல்பு குறைவு.

முன்பு கனடாப் புல்வெளியின் உழவர்கள் ஈரம் சேமிக்க ஒரு பருவம் வயலைத் தரிசாக விடுவது வழக்கம். 1970களுக்குப் பிறகு தரிசு விடுவது வேகமாகக் குறைந்து, ஆண்டுதோறும் பயிரிடுவது பரவியது. அதனால் வசந்தத்தில் விதைக்கக் காத்து நிற்கும் அரிதாள் வயல்களின் பரப்பு கூடியது. கூடு கட்டத் தோதாகத் தோன்றி, கூட்டை அழிக்கும் நிலம் அது. ஊசிவாலின் எண்ணிக்கை நீரிலிருந்து பிரிந்த காலமும் இந்த மாற்றத்தின் காலமும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. வேட்டைதான் காரணம் என்பாருக்கு, கால்வளையமிட்ட பறவைகளின் தரவு இடம் கொடுக்கவில்லை. வளர்ந்த பறவைகள் உயிர்பிழைக்கும் வீதம் பெரிதாகச் சரியவில்லை. வேட்டை வரம்பு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு பறவையாக இறுக்கப்பட்ட ஆண்டுகளிலும் எண்ணிக்கை மீளவில்லை. காலப்பொருத்தம் மட்டும் காரணத்தை நிறுவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிடும் குளிர்காலக் கோதுமை வயல்களில், வசந்தத்தில் உழவு இல்லாததால், ஊசிவால் கூடுகள் வசந்த விதைப்பு வயல்களைவிட மிக நன்றாகத் தப்பிப்பதைச் சாஸ்கச்சுவானில் நடந்த கள ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயிரை மாற்றினால் கூடு தப்புகிறது என்றால், கூட்டை அழித்தது பயிர்முறைதான் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

6. மொத்தத்தில் மறையும் இடம்

மீண்டெழுந்த இனங்களின் கதையையும் வரைபடத்தோடு வாசிக்க வேண்டும். மொத்த வாத்துகள் 2015இல் 4 கோடியே 95 லட்சமாகக் கணக்கிடப்பட்டன. மண்டலவாரியாகப் பார்த்தால் வளர்ச்சியின் பெரும்பங்கு டகோட்டாக்களில் நிகழ்ந்தது தெரியும். காரணம் மழை மட்டுமன்று. 1985இன் வேளாண் சட்டம் கொண்டுவந்த நிலப் பாதுகாப்புத் திட்டத்தில், உழவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டு வாடகை பெற்றுக்கொண்டு விளைநிலத்தைப் புல்நிலமாக விட்டார்கள். எல்லைக்கு அந்தப்புறம் கனடாவில் அந்த அளவுக்கு ஒரு திட்டம் இல்லை. 1992 முதல் 1997 வரை இத்திட்டப் புல்நிலத்தால் மட்டும் கூடுதலாக உருவான இளம் வாத்துகள் 1 கோடியே 24 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது. 2007இல் சுமார் 3.7 கோடி ஏக்கராக இருந்த திட்டப் பரப்பு, சோள விலை உயர்ந்தபின் பெரிதும் சுருங்கியது. 2023இல் மல்லார்டுகள் 61 லட்சம். மொத்த எண்ணை மட்டும் கண்டவர் 2015இல் இயற்கை தானே மீண்டது என்று எண்ணியிருப்பார். வரைபடத்தைக் கண்டவருக்கு, ஒரு நாட்டின் ஒரு சட்டப்பிரிவின்மேல் கண்டத்தின் வாத்துகள் சாய்ந்து நிற்பது தெரிந்திருக்கும்.

அமெரிக்க வனவிலங்கு அலுவலர்கள் இதை உணர்ந்து உருவாக்கியதுதான் வானிலை ராடார் படம் போல வண்ணம் தீட்டிய 'இடிமழை வரைபடம்'. ஒவ்வொரு சதுர மைலிலும் எத்தனை இணைகள் கூடு கட்ட வரக்கூடும் என்று அது காட்டும். எந்த உழவரிடம் புல்நில உரிமையை வாங்கிப் பாதுகாப்பது என்று தீர்மானிக்க அது உதவுகிறது. ஐரோப்பாவின் இனப்பெருக்கப் பறவை அட்லஸ்கள் வேறு வகை. அவை முதன்மையாக, ஒரு கட்டத்தில் இனம் கூடு கட்டுகிறதா இல்லையா என்று பதிவு செய்பவை. ஆயிரம் இணை நூறாகக் குறைந்தாலும் அந்தக் கட்டம் நிரம்பியே தெரியும். பரவலின் எல்லையைக் காண அவை சிறந்தவை. நடுவில் நிகழும் சரிவைக் காட்டுவதில் பிந்திவிடும்.

நம் பக்கம் திரும்பினால், கோடியக்கரையில் குளிர்காலத்தில் இறங்கும் ஊசிவால்கள் வட ஆசியாவில் பிறந்தவை. 1987 முதல் சனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அவற்றை எண்ணுகிறது. 1935இன் அமெரிக்கக் குளிர்காலக் கணக்குக்கு இருந்த எல்லை இதற்கும் உண்டு. கோடியக்கரையில் குறைந்தால், பிறந்த இடத்தில் குறைந்ததா, வேறு கடற்கரைக்கு விலகியதா என்று சனவரி எண்ணால் பிரித்தறிய இயலாது. நம் ஏரிகளில் கூடு கட்டும் புள்ளிமூக்கு வாத்துக்கும் சீழ்க்கைச் சிறகிக்கும் குளிர்காலக் கணக்கு போதாது. மழைக்குப் பின் நிறையும் கண்மாய்களைப் பறவையோடு சேர்த்து எண்ணும் தொடர் தேவை.

7. எண்ணப்படாத கூடு

ஊசிவால்களின் எண்ணிக்கை 17.5 லட்சத்துக்குக் கீழே போனால் அவற்றின் வேட்டையை மூடுவது என்பது 2010இல் ஏற்கப்பட்டு அப்போது நடப்பிலிருந்த விதி. 2022இன் எண் அந்த வரம்புக்கு மேல் நூலிழையில் நின்றது. பின்னர் தரவுகளைப் புதிய மாதிரியில் மறுபடி ஆராய்ந்து, வேட்டையின் தாக்கம் சிறிதே என்று கண்டு, 2025-26 பருவத்துக்கு நாள் வரம்பை மூன்றாக உயர்த்தினார்கள். வேட்டை முதற்காரணம் அல்ல என்ற அளவில் அந்த ஆய்வோடு எனக்கு உடன்பாடு. ஆனால் வேட்டை விதியைச் சுற்றியே விவாதம் சுழல்வதற்கு, கணக்கெடுப்பு பிறந்த நோக்கமும் ஒரு காரணம். வேட்டைப் பருவத்தைத் தீர்மானிக்கத்தான் அது உருவானது. அதனால் பருவத்தைத் தீர்மானிக்கத் தேவையானதை எண்ணுகிறது, கூட்டின் கதியை எண்ணுவதில்லை.

மே மாத நடுவில் சாஸ்கச்சுவான் வயல் ஒன்றின்மேல் விமானம் கடக்கிறது. குட்டையில் ஒரு தனி ஆண் ஊசிவால். பார்வையாளர் அதைச் சொல்கிறார். கணக்கில் அது இணையாகி, வரைபடத்தில் இரண்டு பறவையாகிறது. அதன் பெட்டை முக்கால் கிலோமீட்டர் தள்ளி அரிதாளில் ஏழெட்டு முட்டைகள்மேல் இருக்கிறது. விதைப்புக் கருவி அந்த வயலுக்கு நேற்றே வந்து போயிருந்தாலும், நாளை வரவிருந்தாலும், வரைபடத்தில் அந்த மண்டலத்தின் வண்ணம் மாறாது. அந்த வயலில் எந்தப் பயிர், எந்த மாதம் விதைப்பு என்பதைக் காட்டும் படலத்தை வாத்து வரைபடத்தின்மேல் விரித்து, இரண்டையும் ஆண்டுதோறும் ஒன்றாக வெளியிடும்போதுதான், குட்டை நிறைந்தும் பறவை ஏன் குறைகிறது என்பதை அந்த வரைபடத்திலேயே படிக்க முடியும்.